முத்திரை விழாத கடிதம்

“தேதி இல்லாமல் ஒரு பதிவு இருக்கக் கூடாதா, டீச்சர்?”

கேட்டவர் சுடலைமுத்து. அறுபத்திரண்டு வயது. டீச்சர் ரெஜினாவுக்கு இருபத்தைந்து. சனிக்கிழமைகளில் நூலக மாடியில் வலைப்பூ நடத்தக் கற்றுக்கொடுக்கிறாள்.

சாலை விபத்தில் இறந்துபோன மகள் வேணியின் பதிவுகளைக் கரையேற்றத்தான் அவர் வந்திருந்தார். அவள் எழுதிவந்த தளத்தை மூடப்போகிறார்கள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. உச்சியில் அடையாளத்துக்கு மூன்று சிறு கோடு. தலைப்பு, தேதி, குறிச்சொல். மறுபடி மூன்று கோடு. அதற்குக் கீழே வேணி.

முதல் வாரம் இரண்டே கோடு போட்டுப் பக்கத்தையே குலைத்தார். இப்போது பிசகுவதில்லை. குறிச்சொற்களைக்கூட அவரே யோசித்துப் போட்டிருந்தார்: மழை, விடுதிச் சாப்பாடு, அப்பாவின் கஞ்சத்தனம். தேதி மட்டும் எல்லாவற்றிலும் காலி.

“முப்பது வருஷம் தபாலாபீஸ்ல தேதி முத்திரை குத்தின கை. இதுக்கு வலிக்குதாக்கும்,” என்றாள் ரெஜினா.

அவர் சிரிக்கவில்லை.

“முத்திரை விழாத கடிதம் இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம், டீச்சர்.”

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எந்தக் கடிதம் ஐயா?”

கடைசிக் கோப்பைத் திறந்தார். திரையைப் பார்க்காமலே, அதில் வேணி எழுதியிருந்ததைச் சொன்னார்.

“நாளைக்கு விடியக்காலம் ஸ்கூட்டர்லயே ஊருக்குக் கிளம்புறேன். அப்பாகிட்ட சொல்லலை. சொன்னா பஸ்ல வான்னு உயிரை எடுப்பாரு.”

“உங்களுக்கு இது எப்போ தெரியும்?”

“பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தேதி போடலைன்னா நாளைங்கிறது நாளையாவே இருக்கும். ஒரு போன் போட எனக்கு நேரம் இருக்கும்.”

ரெஜினா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கோப்புகளை வலைப்பக்கமாகத் தொகுக்கும் கட்டளையைத் தட்டினாள். திரையில் வேணியின் கடைசிப் பதிவு வந்தது. அதன் தலையில் வகுப்பு நடக்கும் அந்தச் சனிக்கிழமையின் தேதி.

“நான் போடலையே,” என்றார் சுடலைமுத்து.

“காலியா விட்டா, என்னைக்குத் தொகுக்கிறோமோ அந்தத் தேதியை இதுவே போட்டுக்கும்.”

கணினியின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளி, மறுபடி தொகுத்தாள். ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு விடியக்காலம் கிளம்புறேன்.

இன்னொரு நாள் தள்ளினாள். திங்கட்கிழமை. நாளைக்கு விடியக்காலம் கிளம்புறேன்.

செவ்வாய்.

“போதும்மா,” என்றார். டீச்சர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “அவ கிளம்பாம இருக்கட்டும்னுதானே…”

ரெஜினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“தினமும் கிளம்புறா, ஐயா.”