கீரை மட்டும் போட்ட சிலம்பாயி

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, கிணறுதான். ராஜா கதை நேத்தே சொல்லியாச்சு. காலை மடக்கிப் படு, பெரியம்மா இடுப்புல குத்துது. 'ம்' கொட்டினாத்தான் மேல சொல்லுவேன்.

ம். மலையடிவாரத்துல இருந்துச்சு அந்த ஊர். கிணத்தைச் சுத்தி ஊருக்கே பொதுவா ஒரு பெரிய தோட்டம். அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, வீட்டுக்கு ஒரு துண்டு விட்டிருந்தாங்க. சொந்தம்னு யாருக்கும் கிடையாது, காய்கறி வச்சுச் சாப்பிட்டுக்கலாம். அப்புறம், கிணத்துல மாடு கட்டித் தண்ணி இறைப்பாங்க. கிறீச்... கிறீச்... சளார்! வாய்க்கால்ல சலசலன்னு ஓடும். இன்னைக்கு இந்தத் துண்டுக்கு, நாளைக்கு அந்தத் துண்டுக்குன்னு தண்ணியைப் பிரிச்சு விட ஒருத்தர் இருந்தாரு. மடைக்கார பச்சியப்பர். சரியான சிடுமூஞ்சி. சிரிச்சா கிணறு வத்திடும்னு நினைப்பு போல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். மாசி பொறந்ததும் எல்லாரும் கிணத்தடியில கூடுவாங்க. வீட்டுக்கு ஒருத்தர் எழுந்து, "அடுத்த வருஷம் எங்க துண்டுல இன்ன இன்னது வைக்கப் போறோம்"னு வாயால சொல்லணும். வாழைன்னா வருஷம் பூரா தண்ணி வேணும், அவரைன்னா கொஞ்சம் போதும். அதைக் கேட்டுத்தான் பச்சியப்பர் தண்ணி முறை வைப்பாரு. சொல்லாதவங்களுக்கு முறை கிடையாது. எல்லாருக்கும் பாஞ்சது போக வாய்க்கால்ல மிஞ்சினதுதான்.

எல்லாரும் சொல்லுவாங்க, ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டா. அவ பேரு சிலம்பாயி. ம்?

அம்மா அப்பா சின்ன வயசுலயே போயிட்டாங்க. ஒரே ஒரு தம்பி, மாதையன். அவனை இடுப்புல தூக்கித் தூக்கியே அவ இடுப்பு கோணிப் போச்சு. அவன் வளந்து மலை மேல காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். போகும்போது, "அக்கா, ஒரு மாசம் பொறுத்துக்கோ. வீடு பாத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னான். அவளும் சரின்னு துணிமணியை மூட்டை கட்டி வச்சுட்டா.

ஒரு மாசத்துல போறவ எதுக்கு அடுத்த வருஷத்தைப் பத்தி யோசிக்கணும்? அதனால கீரை விதைச்சா. கீரைன்னா ஒரு மாசத்துல பறிச்சிடலாம் பாரு. பறிக்கிறதுக்குள்ள தம்பி வந்திடுவான்னு கணக்கு. அப்புறம் கீரை வந்துச்சு, தம்பி வரலை. சரின்னு மறுபடியும் கீரை விதைச்சா. மறுபடியும் கீரை வந்துச்சு.

முதல் வருஷம் மாசி வந்துச்சு. பக்கத்துத் துண்டு பாவாயி ஒரு முருங்கைப் போத்தை, வெட்டின கிளையைத்தான், தோள்ல தூக்கிக்கிட்டு வந்தா. "ஏ சிலம்பு, இதை மூலையில ஊனி வை. சோம்பேறிக்கும் காய்க்கும்."

"முருங்கை காய்க்க ஆறு மாசமாவது ஆகுமேக்கா. அதுக்குள்ள நான் போயிடுவேன்."

அப்புறம் ரெண்டாவது வருஷம் வந்துச்சு. பாவாயி ஒரு வாழைக்கன்னைக் கொண்டாந்து வரப்புல தொப்புன்னு போட்டா. "இதையாவது வைடி."

"வாழைக்கு ஒரு வருஷம் ஆகுமேக்கா. தம்பி வந்து நிப்பான்."

மூணாவது வருஷம் எலுமிச்சங்கன்னு. அதுக்கும் அதே பேச்சு. அப்போ பாவாயிக்குக் கோவம் வந்திடுச்சு. "உன் தம்பி வரானோ இல்லையோ, நீ வழி மேல விழி வச்சு வச்சு உன் துண்டுல எறும்புதான் குடியிருக்கு"ன்னு சொல்லிட்டு, கன்னைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

என்ன கேட்டே? தம்பி வருவானான்னா? அதைத்தான் அவளும் கேட்டுக்கிட்டு இருந்தா. நீ சும்மா படு.

பொழுது சாஞ்சா சிலம்பாயி கீரையைக் கடைவா, கடகட கடகடன்னு. ஒரு தட்டு, ஒரு செம்புத் தண்ணி. வாசலைப் பாத்து உக்காந்துதான் தின்பா. நாய் குலைச்சா எழுந்து நிப்பா. காத்துல வாசல் படல் படபடன்னு அடிச்சா எழுந்து நிப்பா. அப்புறம் உக்காருவா. கீரை ஆறிப் போயிருக்கும். பாவம் கண்ணு. தனியா இருக்கறதைக் கூடப் பழகிக்கலாம். இப்ப வந்திடுவாங்க, இப்ப வந்திடுவாங்கன்னு தனியா இருக்கறது இருக்கே, அது பொல்லாதது. தூங்கிட்டியா? ம்.

அப்புறம் நாலாவது வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. கிணத்துத் தண்ணி கீழ, கீழன்னு போயிடுச்சு. பச்சியப்பர் தெருத் தெருவா வந்து சொன்னாரு: "இந்தத் தடவை மிச்சத் தண்ணின்னு ஒண்ணு கிடையாது. அடுத்த வருஷத்துக்கு என்ன வைக்கறீங்கன்னு சொன்னாத்தான் துண்டு. சொல்லாதவங்க துண்டை வேற வீட்டுக்கு விட்டுடுவேன்."

சிலம்பாயி கணக்குப் போட்டுப் பாத்தா. துண்டு போச்சுன்னா அந்தக் கீரையும் போச்சு, சோத்துக்கு எங்க போவா? சொல்லிடலாம்னா, வாய் வரலை. அடுத்த வருஷம் இது வைக்கறேன்னு சொல்லிட்டா, தம்பி வர மாட்டான்னு ஊர் முன்னால அவளே சொன்ன மாதிரி ஆயிடும் இல்லையா?

அப்போ பாத்து, சலங் சலங்னு ஊருக்குப் புதுசா ஒரு வளையல்காரர் வந்தாரு. மலைக்கும் அடிவாரத்துக்கும் நடந்தே வியாபாரம் பண்றவரு. சிலம்பாயி ஓடினா.

"அண்ணே, மேல காப்பித் தோட்டத்துல எங்க மாதையனைப் பாத்தீங்களா?"

"மாதையனா? நேத்துகூட அவன் பொண்டாட்டிக்கு வளையல் போட்டுட்டு வந்தேன். ரெண்டு புள்ளைங்க. நல்லா இருக்கான்."

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

வளையல்காரர் நல்ல மனுஷன். பொய் சொல்லலாமான்னு யோசிச்சாரு, தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம், "இல்லம்மா"ன்னு சொல்லிட்டாரு.

அவ வீட்டுக்குள்ள போயி அழுதா, பொலபொலன்னு. நல்லா இருக்கானேன்னு ஒரு பக்கம் சந்தோஷம். மறந்துட்டானேன்னு நெஞ்சு எரியுது. ரெண்டும் ஒண்ணா வந்தா மனுஷி என்னதான் பண்ணுவா?

மறுநாள் கிணத்தடியில கூட்டம். கத்திரின்னாங்க, புடலைன்னாங்க, பந்தல் போட்டுப் பாகல்னாங்க. அப்புறம் பச்சியப்பர், "சிலம்பாயி"ன்னு கூப்பிட்டாரு.

எழுந்து நின்னா.

"கத்திரி போடறியா?"

கத்திரி தம்பிக்குப் பிடிக்கும். அவ வேண்டாம்னு தலையை ஆட்டிட்டா.

"வெண்டை?"

அதுவும் அவனுக்குத்தான் பிடிக்கும்.

"பூசணி?"

அதையும் அவன் வீட்டுல இருந்தப்போ அவனுக்காகத்தான் வச்சா. பச்சியப்பருக்குப் பொறுமை போச்சு. "உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்."

அங்கதான் கண்ணு அவ மலைச்சுப் போயிட்டா. அவளுக்கு என்ன பிடிக்கும்னு அவளுக்கே தெரியலை. யோசிச்சா, யோசிச்சா. தம்பி வாய்க்கு ஆக்கிப் போட்டே வளந்தவ, தன் வாயைக் கேட்டதே இல்ல. அப்போ, சின்ன வயசுல ஒரு கல்யாண வீட்டுல யாரோ கையில வச்ச ஒரு பலாச்சுளை ஞாபகம் வந்துச்சு. என்ன வாசனை, என்ன தித்திப்பு!

"பலா"ன்னா.

கூட்டம் கலகலன்னு சிரிச்சிடுச்சு. "வச்சா குடுமி, அடிச்சா மொட்டையா? இத்தனை வருஷம் கீரை, இப்ப பலாவா?"ன்னு ஒருத்தன் கேட்டான். பாவாயிகூட முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

பச்சியப்பர் மட்டும் சிரிக்கலை. அவருக்குத்தான் வராதே. "இந்தாம்மா, பலா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஒரு மாசத்துல போயிடுவேன்னு சொன்னவதானே நீ? அதுவரைக்கும் இந்த ஊர்ல இருப்பியா?"

சிலம்பாயி மலைப் பக்கம் ஒரு தரம் பாத்தா.

"இருப்பேன்"னு சொன்னா.

சிரிச்சவங்க எல்லாம் அடங்கிட்டாங்க. அவ கண்ணுல தண்ணி ஓடுது, துடைக்கக்கூட இல்ல. பச்சியப்பர் மண்வெட்டியை எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு, "சிலம்பாயிக்கு வெள்ளிக்கிழமைத் தண்ணி"ன்னு சொன்னாரு.

தம்பி வந்தானான்னு திரும்பக் கேக்காதே. வரலை. சில பேர் வர மாட்டாங்க கண்ணு. அதைச் சொல்லாம மறைச்சா நாளைக்கு நீ என்னைத்தான் திட்டுவே.

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. கிறீச்... கிறீச்... சளார்! கிணத்துல கொஞ்சம்தான்னாலும், அன்னைக்கு இறைச்ச தண்ணி பூரா முதல் தடவையா அவ துண்டுக்குன்னே வந்துச்சு. கணுக்கால் வரைக்கும் ஜில்லுன்னு ஏறுச்சு. அவ நடுவுல குழி பறிச்சுப் பலாக்கொட்டையைப் போட்டா. அப்புறம் ஒரு குச்சியை எடுத்துக்கிட்டு வரப்பு மேலயே நடந்தா. "மரம் எழும்பற வரைக்கும் வெயில் விழும், இந்தப் பக்கம் மிளகாய். அந்த மூலையில முருங்கை, பாவாயி அக்காகிட்ட வெக்கத்தை விட்டுக் கேட்டுடணும். இங்க அவரைப் பந்தல். நிழல் விழுந்தப்புறம் இந்த இடத்துல இஞ்சி"ன்னு குச்சியை ஊனி ஊனிக் காட்டறா. சுத்தி ஒரு ஆள் இல்ல. யாருக்குக் காட்டறா?

வேலிக்கு அந்தப் பக்கம் பாவாயி எட்டிப் பாத்தா. "யாருகிட்டடி பேசறே? யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் வரலைக்கா"ன்னா சிலம்பாயி. "எனக்குத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான். தண்ணி பாஞ்சாச்சு, மடையை அடைச்சாச்சு, மாட்டையும் அவுத்து விட்டாச்சு. 'ம்' சொல்ல வேண்டாம், கண்ணை மூடு.