பிடியரிசி அணியும் மகாராஜாவும்

ஏரிமங்கலத்தில் ராஜாவுக்குச் சொந்தமில்லாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது காற்பந்து அணி. ராஜா காலத்தில் ஏதய்யா காற்பந்து என்று குறுக்கே கேட்காதீர்கள். இந்தக் கதையில் உண்டு.

அணி ஊராருடையது. வாரம் ஒரு பிடி அரிசி போடும் வீடெல்லாம் அதற்கு முதலாளி. அந்தப் பிடியரிசியில்தான் ஆட்டக்காரர்களுக்குச் சோறு. முதலாளிகளுக்கு இரண்டு உரிமை. யார் ஆடுவது, யார் வெளியே போவது என்று கை தூக்கித் தீர்மானிக்கலாம். ஆட்டம் சொதப்பினால் தொண்டை கிழியத் திட்டலாம். அரிசி போடாதவன் வாயைத் திறந்தால் போச்சு. அரிசி வாங்கும் மோர்க்காரி குப்பாயி அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

அரண்மனையில் ராஜாவைச் சிரிக்கவைக்கும் உத்தியோகம் பார்த்த சாத்தப்பனும் ஒரு பிடிக்காரன். அவன் கட்டிய வேட்டி ராஜா கொடுத்தது. தின்ற சோறு ராஜா போட்டது. இந்த அணி ஒன்றில்தான் அவனும் முதலாளி. அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த வருஷம் அணி பக்கத்து நாட்டைத் தோற்கடித்துத் தொலைத்தது. வந்தது வினை. ராஜா கஜவீரருக்கு ஆசை பிறந்துவிட்டது. போதாக்குறைக்கு மைத்துனர் தாண்டவராயர் காதைக் கடித்தார்.

“அத்தான், ஜெயிக்கிற அணி உங்களுடையதாக இருக்கவேண்டாமா? பாவம், மோர்க்காரிக்கு எதற்கு அது? கோல்கீப்பராக நானே நிற்கிறேன்.”

தாண்டவராயர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துப் பல வருஷமாயிற்று. இருந்தாலும் ராஜா சபையில் அறிவித்துவிட்டார்.

“இன்று முதல் அணி என்னுடையது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

சாத்தப்பனுக்கு வயிறு எரிந்தது. ஆட்சேபம் என்று சொன்ன வாயோடு வீடு போய்ச் சேர முடியாது என்பதும் தெரியும். பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தான்.

“பேஷ், மகாராஜா! ஆனால் அந்த மைதானத்து ஜனங்களின் வாய் இருக்கிறதே, அப்பப்பா! போன ஆட்டத்தில் அணித்தலைவனின் பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்தார்கள். இனி அணியைத் திட்டினால் ராஜாவைத் திட்டியதாகாதா?”

“ஆகுமே!” என்றார் ராஜா, திடுக்கிட்டு.

“அதனால் ஒரு சட்டம் போடுங்கள். ராஜாவின் அணியை யார் திட்டினாலும் அது ராஜ நிந்தனை. மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்.”

“யார் திட்டினாலும் விடக்கூடாது!” என்று தாண்டவராயர் துள்ளினார். “‘ச்சே’ என்று சொன்னாலும் கழுதைதான்!”

சட்டம் முரசறைந்து சொல்லப்பட்டது. குப்பாயி சாத்தப்பனை வழிமறித்து, “நீயெல்லாம் ஒரு மனுசனா? நீயே சட்டம் சொல்லிக் கொடுத்தியாமே!” என்று காறித் துப்பினாள். சாத்தப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஆட்டத்துக்கு வா ஆத்தா. அரிசிக் கூடையையும் எடுத்துட்டு வா” என்று மட்டும் சொன்னான்.

மறுபடி பக்கத்து நாட்டோடு ஆட்டம். அந்த நாட்டு ராஜாவும் விருந்தாளியாக வந்து கஜவீரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஊர் ஜனங்கள் ஒரு மூலையில் கொட்டு அடித்துக் கும்மாளம் போட்டார்கள். ஏரிமங்கலத்து ஜனங்களோ இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குப்பாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். திட்டுக் கேட்டே ஓடிப் பழகிய ஆட்டக்காரர்களுக்குக் கால் எழவில்லை.

முதல் பந்து வந்தது. தாண்டவராயர் கும்பிடு போடுவதுபோல் குனிய, கவட்டுக்குள் புகுந்து போயிற்று. கோல்!

ராஜா மீசையைக் கடித்தார்.

இரண்டாவது பந்து வந்தபோது தாண்டவராயர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கோல்!

விருந்தாளி ராஜா களுக்கென்று சிரித்தார். கஜவீரருக்குத் தாங்கவில்லை. துள்ளி எழுந்தார்.

“அடே தடிமாடே! தின்ற சோறு செரிக்கவாவது நகரக்கூடாதா?”

மைதானமே திரும்பிப் பார்த்தது. சாத்தப்பன் ஓடிவந்து கைகட்டி நின்றான்.

“மகாராஜா, கழுதை தயாராக இருக்கிறது. நாவிதரும் வந்துவிட்டார்.”

“யாருக்கடா?”

“தங்களுக்குத்தான். யார் திட்டினாலும் என்பதுதானே சட்டம்? தாங்கள் ராஜாவின் அணியைத் திட்டினீர்கள். அதாவது தங்களையே திட்டினீர்கள். ராஜ நிந்தனை!”

விருந்தாளி ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கஜவீரர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

“சட்டம் ரத்து! அணியும் ஊராருக்கே! எனக்கு வேண்டாம் இந்தச் சனியன்! இப்போதாவது திட்டலாமா?”

“முடியாது மகாராஜா. இப்போது தாங்கள் முதலாளியே இல்லையே. ஒரு பிடி அரிசி போட்டவர்தான் திட்டலாம்.”

அரண்மனையிலிருந்து அரிசி பறந்து வந்தது. குப்பாயி கூடையை நீட்டினாள். ராஜா இரண்டு கையாலும் அள்ளினார்.

“ஒரு பிடி போதும் ராசா. ஊருக்கெல்லாம் ஒரே அளவுதான்.”

போட்டார். அடுத்த நொடி ராஜா திட்டத் தொடங்கினார் பாருங்கள்! குப்பாயியே வாயைப் பிளந்தாள். ஊரும் சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரர்களுக்கு உயிர் வந்து, எதிர்வாசலில் சரசரவென்று இரண்டு கோல் போட்டார்கள். ஆட்டம் சமம். ஆனால் எதிரி பந்தோடு மறுபடி நம் வாசலை நோக்கி வந்தான். அங்கே தாண்டவராயர் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பந்து வெளியே போயிற்று.

“அந்த ஆளைத் தூக்குங்கடா வெளியே!” என்று கத்தினார் ராஜா.

“அதற்குக் கை தூக்கவேண்டும், மகாராஜா.”

சொல்லி முடிக்கவில்லை, ஊரே கை தூக்கிவிட்டது. ராஜா ஆத்திரத்தில் இரண்டு கையையும் தூக்கினார்.

“ஒரு பிடிக்கு ஒரு கைதான், மகாராஜா” என்றான் சாத்தப்பன். “இன்னொன்றை இறக்குங்கள்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கையை இறக்கினார், மற்றதை இறக்கவேயில்லை. இறக்கிய கையால் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.