மிளகுப் பெட்டிக்குள் ஒரு யோகம்

முன்னொரு காலத்தில், பற்றின்மைக்கு விலை ஆயிரம் பொன் என்று ஒரு ராஜா முரசறைந்து அறிவித்தார். மிளகுக்கு விலை உண்டு, முத்துக்கு விலை உண்டு, பல்லைப் பிடித்துப் பார்த்தால் கிழட்டு மாட்டுக்கும் ஒரு விலை சொல்லிவிடலாம். இந்தச் சரக்குக்கு மட்டும் அதுவரை எந்தச் சந்தையிலும் யாரும் விலை கேட்டதில்லை. இதை வைத்திருப்பவன் கடை போடுவதில்லையே.

எல்லாம் மலையிலிருந்து வந்த ஒரு யோகியால் வந்தது. அரண்மனையில் மூன்று நாள் தங்கிய அவர், அரசருக்கு மூச்சுப் பழகக் கற்றுக்கொடுத்தார். இழு, நிறுத்து, விடு. இழுத்த மூச்சைச் சக்கரவர்த்தியாலும் வைத்துக்கொள்ள முடியாது, மற்ற பொருளும் அப்படித்தான், விடப் பழகு என்றார். தட்டு நிறையப் பொன் வைத்தபோது அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டார். அரசருக்கு அது பெரிய அதிசயமாகப் போயிற்று. வருகிற பௌர்ணமி மாலைக்குள் சபையில் உள்ள ஒவ்வொருவரும் தம்மால் விட முடியாத பொருளைக் கொண்டுவந்து விட வேண்டும், உண்மையாக விட்டவருக்கு ஆயிரம் பொன், பற்றை ஒளித்துவைத்தவருக்கு நாடு கிடையாது என்று உத்தரவு போட்டார்.

கருவூல அதிகாரி கனகசபைக்கு ஆயிரம் பொன் பெரிதல்ல. தினமும் அதைப்போல நூறு மடங்கை எண்ணிப் பூட்டுகிறவர். அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது சபை விகடகவி ஆண்டியப்பன். அவன் ஒரு வேடிக்கை சொன்னால் அரசர் தம் வெற்றிலைத் தட்டையே அவன் பக்கம் நகர்த்துவார். இருபது வருடத்தில் அவனுக்குப் போர்த்திய சால்வைகள் பதினேழு. அது ஆண்டியப்பனுக்கே நினைவிருக்காது. கனகசபைக்கு ஒவ்வொன்றின் கரையும் நிறமும் தெரியும். அவன் வீட்டில் என்றைக்கு மீன் குழம்பு என்பதும் தெரியும்.

அதனால் அரசர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். ஓயாமல் சிரிக்கிறவன் வீட்டில் எதையோ பதுக்கியிருப்பான், அவனைக் கடைசியாக அழையுங்கள், பொருளோடு வராவிட்டால் வெளியேற்றுங்கள் என்றார். அரசரும் தலையசைத்தார்.

சொல்லிவிட்டாரே தவிர, அவன் பதுக்கியது என்னவென்று தெரியாமல் கனகசபைக்குச் சோறு இறங்கவில்லை. பௌர்ணமியன்று நடுப்பகலில், ஆண்டியப்பனும் அவன் மனைவி அங்கம்மாளும் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, கொல்லைப் பக்கமாக அந்த வீட்டுக்குள் நுழைந்தார். பானைகளைக் கவிழ்த்தார். பாயை உதறினார். ஒன்றும் இல்லை. வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கூடத்தில் அங்கம்மாள் சீதனமாகக் கொண்டுவந்த பெரிய மிளகுப் பெட்டி காலியாகக் கிடந்தது. ராஜ்ஜியத்தின் கருவூலத்தைக் காக்கும் மனிதர் அதற்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார்.

காலடிகள் கூடத்துக்குள் வந்தன. பிறகு அங்கம்மாளின் குரல் கேட்டது.

“இன்னிக்குப் பொருள் காட்டலேன்னா ஊரை விட்டுப் போகணும்னு சொல்றாங்க. நீங்க பாட்டுக்குத் தலை துவட்டிட்டு நிக்கிறீங்க.”

“கிடைச்சிடுச்சு அங்கம்மா. இருபது வருசமா என்னால விட முடியாத பொருள்.”

“பெட்டியிலயா? அதுல ஏதோ சரிகை வெளிய தொங்குதே.”

கனகசபை தம் அங்கவஸ்திரத்தை மெல்ல, மிக மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பாத்தியா, ரொம்ப அடக்கமான பொருள்” என்றான் ஆண்டியப்பன். “கயிறு எடுத்துட்டு வா. நாலு ஆளையும் கூப்பிடு.”

வெளியே வந்திருக்கலாம். ஆனால் வேட்டியெல்லாம் மிளகுத்தூளோடு அங்கம்மாள் முன்னால் எப்படி எழுந்து நிற்பது? அவர் யோசித்து முடிப்பதற்குள் கயிறு விழுந்துவிட்டது.

சபையில் அன்று நல்ல வியாபாரம். சேனாபதி துருப்பிடித்த பழைய வாளை விட்டார், புது வாள் இடுப்பில் இருந்தது. பிரதான மந்திரி, கழுத்து வலிக்கிறது என்று எப்போதோ கழற்றிய மாலையைக் கண்ணீரோடு விட்டார். கனகசபை முன்னதாகவே ஓர் ஓட்டை வெள்ளி விளக்கை அனுப்பிவைத்திருந்தார். கடைசியில் பெட்டி வந்து இறங்கியது.

“மகாராஜா, என் வீட்டில் தேடிப் பார்த்தேன். விடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை” என்று தொடங்கினான் ஆண்டியப்பன். “நான் விட்டாலும் என்னை விடாத பொருள் ஒன்று மட்டும் இருந்தது. கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். அதன் பெயர் பொறாமை.”

“பொறாமையைப் பெட்டியில் அடைக்க முடியுமா? திறந்து காட்டு” என்றார் அரசர்.

“கண்ணுக்குத் தெரியாத சரக்கு, மகாராஜா. திறந்தால் பயனில்லை, அதுவாகவே வாய் திறக்கும். தாங்கள் நூறு மூச்சு விடுவதற்குள் அது பேசாவிட்டால், நான் பொய்யன். இன்றே நாட்டை விட்டுப் போகிறேன்.”

பெட்டிக்குள் கனகசபைக்கு மனம் குளிர்ந்தது. நூறு மூச்சுதானே. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டியப்பன் தொலைந்தான். வெற்றிலைத் தட்டு இனி வேறு பக்கம் நகரும். இதற்காக நூறு வருடம் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம்.

அரசர் எண்ணத் தொடங்கினார். முப்பதாவது மூச்சில் கனகசபையின் மூக்குக்குள் மிளகுத்தூள் ஏறியது. தும்மல் புறப்பட்டு நெற்றி வரை வந்தது. அவர் மூக்கைப் பிடித்தார், பல்லைக் கடித்தார், இழுத்த மூச்சை அப்படியே நிறுத்தினார். கண்ணில் நீர் வழிந்தது. தும்மல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. மலைக் குகையில் ஆறு வருடம் உட்கார்ந்தவனுக்கும் எளிதில் கைகூடாத யோகம் அது. அறுபது. எழுபது. பெட்டியில் சத்தமில்லை. சேனாபதி மீசையைத் தடவிக்கொண்டார். எண்பதில் அரசரின் முகம் வாடத் தொடங்கியது.

அப்போது ஆண்டியப்பன் தோளில் இருந்ததை உதறிப் போர்த்திக்கொண்டு, சபை அதிர ஒரு வார்த்தை சொன்னான்.

“இந்த மயில்கழுத்துச் சால்வை எவ்வளவு இதமாக இருக்கிறது. அரக்குக் கரை, முனையில் முத்துக் குஞ்சம். கருவூலத்தின் மூன்றாவது அறையில் எல்லாச் சால்வைகளுக்கும் அடியில் கிடந்ததாம்.”

அந்தச் சால்வையைக் கனகசபைதான் தமது மணிவிழாவுக்கு வாங்கிக்கொள்ள நினைத்து, யார் கண்ணிலும் படாமல் அடியில் செருகி வைத்திருந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அவர் மனைவியும் அங்கம்மாளும் ஒரே படித்துறையில் குளிப்பவர்கள்.

தொண்ணூற்று மூன்று என்று எண்ண அரசர் வாயெடுத்தார்.

“அது எனக்கு எடுத்து வெச்சதுடா, கழற்று” என்றது பெட்டி.

அதன் பிறகு தும்மலும் வந்தது. ஒன்றல்ல, ஒன்பது.

கயிற்றை அவிழ்த்தார்கள். கறுப்புப் பொடி பூசிய முகத்தோடு எழுந்து நின்ற கனகசபை முதலில் பார்த்தது அரசரை அல்ல, ஆண்டியப்பனின் தோளை. அங்கே கிடந்தது அவன் ஆற்றில் குளித்துவந்து தலை துவட்டிய ஈரத் துண்டு.

பதவி போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார். ஆண்டியப்பன்தான் குறுக்கே வந்தான். “இவரை அனுப்பிவிடாதீர்கள், மகாராஜா. எனக்கு எத்தனை சால்வை வந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.” அரசர் உதட்டைக் கடித்துக்கொண்டு சரி என்றார்.

இப்போது அரசருக்கு ஒரு சங்கடம். கையில் பொற்கிழி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது? வாங்கக் கை நீட்டுகிறவன் பற்றுள்ளவன், அவனுக்குக் கொடுக்கக் கூடாது. பற்றில்லாதவன் வாங்க மாட்டான். யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால், பற்று தமக்கே என்றாகும். கிழியைப் பிடித்த கை நீட்டியபடி நின்றது.

“யோகி சொன்னபடி செய்யுங்கள், மகாராஜா” என்றான் ஆண்டியப்பன். “இழுத்தாயிற்று. நிறுத்தியாயிற்று. விடுவதுதான் மிச்சம். எங்கே விழுகிறது என்பது நம் கவலை இல்லை.”

சொல்லிக்கொண்டே ஈரத் துண்டைத் தரையில் உலரப் போட்டான். அது எப்படியோ அரசர் கைக்கு நேர் கீழே விரிந்தது.

அரசர் துண்டைப் பார்த்தார், ஆண்டியப்பனைப் பார்த்தார், கையை விரித்தார். பொற்கிழி பொத்தென்று விழுந்தது. ஆண்டியப்பன் அதைத் தொடவில்லை. தன் துண்டை மட்டும் நான்கு முனையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். அரசர் சிரிக்கத் தொடங்கி, சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் வெற்றிலைத் தட்டைக் கேட்டார். அது வழக்கமான பக்கத்துக்கே நகர்ந்தது.

கனகசபை முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அன்றைய ஏட்டை எழுதினார். விட்டவர், அரசர். விட்டது, பொன் ஆயிரம். வாங்கியவர், எவருமில்லை. வரவும் செலவும் சரி. எழுத்தாணியைக் கீழே வைத்தவர், எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். இன்னொரு வரி சேர்த்தார்.

கிழியைக் கட்டியிருந்த பட்டுக்கயிறு ஒன்று, ஆண்டியப்பனிடமிருந்து வர வேண்டிய பாக்கி.