முழுகத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

"'நீந்தத் தெரிஞ்சவளுக்கு எதுக்குய்யா ஓசி ஓடம்?' இதைக் கேட்டது நான் இல்லைம்மா. மரக்கடைச் சிதம்பரநாதர் கேட்டார். ஊரே கேட்குது."

"நீ என்ன சொன்னே?"

"நியாயம்தானேன்னு சொன்னேன்."

"அப்போ அங்கேயே முடிஞ்சு போச்சே. இங்கே வந்து எதுக்குக் கத்துறே?"

தையலம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நல்லபெருமாள் கத்துவதை நிறுத்தினார். நிறுத்தினால் பேசத் தெரியவில்லை. மறுபடி கத்தினார்.

"நான் என்ன தப்புச் செஞ்சுட்டேன்? சொல்லுங்க!"

"தப்புன்னு நான் சொன்னேனா? கீரைதானே உருவிக்கிட்டு இருக்கேன்."

நல்லபெருமாள் இருகரை ஊரின் துறை அதிகாரி. தையலம்மை ஆற்று வளைவில் சின்னதாக ஒரு மடம் வைத்துக்கொண்டு தனியே இருக்கிறவள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அவளைப் போய் ஏன் குரு என்கிறீர் என்று கேட்டவர்களிடம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்காத ஆள் இந்த ஊரில் அந்த அம்மா மட்டும்தான்."

இருகரையில் வீடுகள் எல்லாம் இக்கரை. வேலை, சந்தை, வைத்தியசாலை எல்லாம் அக்கரை. நடுவே ஆறு. ராஜா காலத்திலிருந்து அரசாங்க ஓடம் ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. யாரும் ஏறலாம். யாரும் இறங்கலாம். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு ஊரில் பேச்சுக் கிளம்பியது.

வரி கட்டுகிறவன் ஒருத்தன், ஏறிப் போகிறவன் இன்னொருத்தனா? ஓடம் இருக்கிற கொழுப்பில்தானே ஒருத்தனும் நீந்தக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறான்? எல்லாரையும் சுமந்துகொண்டு திரிவதா அரசாங்கத்தின் வேலை?

இப்படிப் பேசியவர்கள் எல்லாரிடமும் சொந்த ஓடம் இருந்தது. அது வேறு விஷயம்.

நல்லபெருமாள் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. ஏறக் கூடாதவர்கள் எல்லாம் ஏறி, ஓடம் ஒருநாள் உளுத்துப்போய், நிஜமாகவே கதியில்லாதவன் கரையில் நின்றுவிடுவானோ என்று அவருக்கு உண்மையாகவே பயம். அதனால் ஒரு சோதனை ஏற்படுத்தினார்.

துறையை ஒட்டி ஆழமாக ஒரு மடு. ஓடம் வேண்டும் என்கிறவர்கள் அதில் குதிக்க வேண்டும். மிதந்தால் நீந்தத் தெரிந்தவர், ஓடம் கிடையாது. முழுகினால், கழி வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் இழுத்துப் போடுவார்கள். கழுத்தில் பித்தளை வில்லை ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதைக் காட்டி ஒரு வருஷம் ஓடத்தில் போகலாம்.

வருஷம் முடிந்தால் மறுபடி முழுக வேண்டும். இடையில் கற்றுக்கொண்டிருக்கலாம் அல்லவா!

"இன்னைக்குக் காலையிலே மாடத்தின்னு ஒருத்தி," என்றார் நல்லபெருமாள். "போன வருஷம் கல்லு மாதிரி முழுகினவ. இன்னைக்குக் கையையும் காலையும் அடிச்சு, தானே படியைப் பிடிச்சு ஏறிட்டா. என் கண்ணால பார்த்தேன். வில்லையைக் கழட்டச் சொல்லிட்டேன்."

"சரி."

"அக்கரை அரிசி ஆலையிலே அவளுக்கு வேலை. நாளைக்குப் போகலேன்னா வேற ஆளை வச்சுருவாங்களாம். கைப்பிள்ளைக்காரி."

"சரி."

"வில்லையைக் கழட்டினதும் என்னைப் பார்த்து என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'வர்றேன்யா'ன்னு கும்பிட்டுட்டுப் போனா. அதைத்தான் தாங்க முடியலை."

தையலம்மை காம்புகளை ஒதுக்கித் தள்ளினாள்.

"நாளைக்குத் துறையிலே ஊர்ச்சபை கூடுதாமே?"

"ஆமா. இந்தச் சோதனையை மத்தத் துறைகளுக்கும் கொண்டுபோறதைப் பத்திப் பேசுறாங்க. எனக்குச் சால்வைகூடப் போடுறாங்க."

"நல்லது. நானும் வர்றேன். எனக்கு அக்கரையிலே ஒரு சோலி இருக்கு."

*

மறுநாள் துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். சபையார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மரக்கடைச் சிதம்பரநாதர், வெற்றிலைச் செல்லத்தோடு.

நல்லபெருமாளின் தோளில் சால்வை விழுந்தது. கைதட்டினார்கள். அவர் கும்பிட்டு நிமிர்ந்தபோது, சோதனை வரிசையில் இரண்டு பேரைப் பார்த்தார்.

ஒன்று மாடத்தி. இன்னொரு தடவை முழுகிப் பார்க்க வந்திருந்தாள். கையில் பிள்ளை.

அவளுக்குப் பின்னால் தையலம்மை.

அவருக்கு வியர்த்துவிட்டது. ஓடினார்.

"அம்மா, நீங்க எதுக்கு வரிசையிலே? நேரா ஏறி உட்காருங்க."

"தகுதி இல்லாம ஏறலாமா?"

"உங்களுக்கு நீந்தத் தெரியும்னு ஊருக்கே தெரியும்."

"அதுதான்ப்பா தொல்லை. எனக்கு முழுகத் தெரியாது. நீ சொல்லிக்குடு."

சபையில் சிரித்தார்கள். தையலம்மை சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் கேட்கிறேன். இன்னைக்கு நீ குரு. எப்படி முழுகணும்?"

நல்லபெருமாள் சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்த்தது. தோளில் சால்வை வேறு. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கையை உடம்போட ஒட்டி வச்சுக்கணும்."

"சரி."

"காலை உதைக்கக் கூடாது."

"சரி."

"அவ்வளவுதான். சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கணுமா!" தையலம்மை மூக்கில் விரல் வைத்தாள். "அதை உனக்குச் சொல்லிக்குடுக்கத்தானே இத்தனை வருஷமாப் படாத பாடு படுறேன். உனக்கு இன்னும் வரலை. இவங்களுக்கு எல்லாம் ஒரே முழுக்கிலே வந்துருச்சா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் மாடத்தி பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, போன வருஷம் சும்மா இருந்தியாமே. நேத்து என்ன வந்துச்சு உனக்கு?"

மாடத்தி பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"போன வருஷம் எனக்குன்னு ஒருத்தரும் இல்லைம்மா. போனா போகட்டும்னு கிடந்தேன். நேத்து இவனைப் படியிலே கிடத்திட்டுக் குதிச்சேன். இவன் அழுதான். தண்ணிக்குள்ளேயும் கேட்டுச்சு."

"அதனாலே?"

"கை ஆடிருச்சு."



சிதம்பரநாதர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா கை ஆடுச்சுல்ல? ஆடினா நீச்சல்தான். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னா அரசாங்கம் எப்படி நடக்கும்? விதின்னா விதிதான்."

"அண்ணாச்சி சொல்றது சரி," என்றாள் தையலம்மை. "விதின்னா விதிதான். நல்லபெருமாளு, இந்தப் பொண்ணுக்குச் சரியா முழுக வரலை. எனக்கும் தெரியலை. நீ ஒரு தடவை முழுகிக் காட்டு. பார்த்துக் கத்துக்கிடுறோம்."

"நானா?"

"உனக்குத்தான் நீந்தத் தெரியாதே. உனக்கென்ன கஷ்டம்?"

அது உண்மை. அவருக்கு நீந்தத் தெரியாது. பிறந்ததிலிருந்து கரண்டைக்காலுக்கு மேல் ஆற்றில் நனைந்ததில்லை. தெரியாதவனுக்கு முழுகுவது எவ்வளவு நேரம்? சும்மா இருந்தால் முடிந்தது.

சால்வையை மடித்து வைத்தார். கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். குதித்தார்.

சும்மா இருந்தார்.

தண்ணீர் காதை அடைத்தது. பந்தல் போயிற்று. சபை போயிற்று. பச்சையாக ஒரு வெளிச்சம் இருந்தது. அதுவும் மேலே மேலே போயிற்று.

அப்போது கை ஆடியது.

அவர் ஆட்டவில்லை. அது ஆடியது. கூடவே கால் உதைத்தது. நாலு பக்கமும் தண்ணீரைப் பிறாண்டிக்கொண்டு தலை மேலே வந்தது.

"கழி!" என்று அலறினார். "கழியைக் குடு!"

கரையில் கழிக்காரன் இசக்கி கழியை வேல் போல நட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கை ஆடுதுங்களே, ஐயா!"

"இசக்கி!"

"பேசவும் செய்யறீங்களே, ஐயா! முழுகினவங்களுக்கு மட்டும்தான் கழின்னு நீங்கதானே சொன்னீங்க!"

சபையின் அறிவிப்பாளன் கடமை தவறாதவன். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினான்:

"மிதந்தார்!"

நல்லபெருமாள் உள்ளே போனார். ஒரு வாய்த் தண்ணீரோடு மேலே வந்தார். மறுபடி உள்ளே போனார்.

மாடத்தி பிள்ளையைத் தையலம்மை கையில் திணித்தாள். இசக்கியின் கையிலிருந்த கழியைப் பிடுங்கினாள். படியில் மண்டி போட்டு நீட்டினாள்.

"பிடிங்கய்யா!"

பிடித்தார்.

*

படியில் குப்புறக் கிடந்து இருமினார். இருமி முடித்ததும் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

கழி பிடிக்க ஆட்கள். கூவ ஒருவன். வில்லை மாட்ட ஒருவன், வில்லையைக் கழட்ட ஒருவன். அவர்கள் தலையில் வெயில் படாமல் இருக்க ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு காவல்காரன்.

அப்பால், துறையில், அரசாங்க ஓடம். அதில் ஒரே ஒரு ஓடக்காரர், பாதி காலி ஓடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு.

நல்லபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கில் தண்ணீர் ஏறிய சிரிப்பு. அடக்க முடியவில்லை.

"என்னய்யா சிரிக்கிறே?" என்றார் சிதம்பரநாதர். "கையை ஆட்டிட்டு!"

"ஆமா அண்ணாச்சி. ஆட்டிட்டேன்."

எழுந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட ஓடத்துறைக்கு நடந்தார். வழியை மறித்துக் கட்டியிருந்த மூங்கிலை உருவி ஆற்றில் எறிந்தார்.

"ஏறுங்க!"

வரிசை அசையவில்லை.

"யாரு ஏறணும், ஐயா?"

"யாருன்னு கேட்காம ஏறுங்க!"

ஒரு நொடி எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த வரிசை வரிசையாக இல்லை. கூடையும் குழந்தையும் செருப்பும் கூச்சலுமாக ஓடியது. வில்லை உள்ளவர்கள் அதைக் கழற்றி அறிவிப்பாளனின் மடியில் போட்டுக்கொண்டே ஓடினார்கள். அவன் எதைக் கூவுவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றான்.

சிதம்பரநாதர் செல்லத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நீந்தத் தெரிஞ்சவனும் ஏறுறான்யா!"

"ஏறட்டும், அண்ணாச்சி."

"அந்தா போறானே, அவன் போன வருஷம் ஆத்தையே குறுக்கே நீந்தினவன்!"

"இன்னைக்குக் கால் வலிக்குதோ என்னவோ."

"இப்படி ஏத்தினா ஓடம் தேஞ்சு போகும்! அப்புறம் யாரு கட்டுறது?"

"நீங்கதான். மரக்கடை உங்களோடதுதானே?"

துறையே சிரித்தது. பந்தலில் இருந்த சபையாரில்கூட ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் எழுந்து, யாரையும் பார்க்காமல், ஓடத்தின் பின்பக்கமாகப் போய் ஏறிக்கொண்டார்.

"இசக்கி, அந்தக் கழியைக் கொண்டா!"

"யாரையாவது இழுக்கணுமாய்யா?"

"தள்ளணும். ஓடத்தைத் தள்ளு!"

கழிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஊன்றித் தள்ளினார்கள். ஓடம் விளிம்பு வரை ஆட்களோடு கரையை விட்டது. யாரோ குலவை போட்டார்கள். ஓடக்காரர் எத்தனையோ நாளுக்குப் பிறகு பாட்டை எடுத்துவிட்டார். பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. அவர்கள்தான் இன்னும் பலமாகப் பாடினார்கள்.

நல்லபெருமாள் ஈரத்தோடு தையலம்மையின் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். அவள் மடியில் மாடத்தியின் பிள்ளை தூங்கியிருந்தது.

"அம்மா, அக்கரையிலே உங்களுக்கு என்ன சோலி?"

"ஒண்ணும் இல்லை."

"பின்னே எதுக்கு வர்றீங்க?"

"ஓடம் போகுதே."

ஓடத்தின் முனையில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். ஆலையின் புகைக்கூண்டு எதிரே வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, கையைத் தண்ணீரில் விட்டாள். முதலில் விரல். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை வரை.

"தெரிஞ்சுக்கிட்டா வில்லை போயிருமேன்னு இத்தனை நாளும் இந்தத் தண்ணியைத் தொட்டுக்கூடப் பார்க்கலை!" பாட்டுக்கும் குலவைக்கும் மேலே கேட்க வேண்டும் என்று அவள் கத்தினாள். கன்னமெல்லாம் தெறித்த தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தாள். "இனிமே பயமில்லையே! யாராவது எனக்கு நீந்தச் சொல்லிக்குடுங்களேன்!"