ஆயிரம் விளக்குக் கல்யாணம்

மருதவாணர் குருவின் குடிலுக்குள் கத்திக்கொண்டே நுழைந்தார்.

"என் பெண் போகிறேன் என்கிறாள், தாயே! நீங்கள் வந்து தடுக்க வேண்டும்."

குரு உமையாள் பச்சிலை அரைத்துக்கொண்டிருந்தாள். சீடரைவிடப் பதினைந்து வயது இளையவள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"எங்கே போகிறாள்?"

"அரண்மனைக்கு. இளவரசருக்குக் கல்யாணமாம். மணப்பெண்ணுக்குத் தோழிகளாக ஏழு பெண்களை எடுக்கிறார்கள். பொற்கொடியையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே போனால் சாகும்வரை வெளியே விடமாட்டார்கள். அது தெரிந்தும் சிரிக்கிறாள்!"

"உம்மைக் கேட்கவில்லையா?"

"அப்பனைக் கேட்கமாட்டார்கள். பெண் தன் வாயால் வருகிறேன் என்று சொன்னால் போதும். ஊர்வாசலைத் தாண்டும்வரை வண்டியிலிருந்து இறங்கிக்கொள்ளலாம். சட்டம் அப்படி. எவள் இறங்குவாள்? எடுபடாத பெண்கள் வீட்டில் குப்புறப் படுத்து அழுகிறார்கள். பதின்மூன்று வயதுக் கழுதைகள்! யார் இவர்கள் தலையில் இதையெல்லாம் ஏற்றியது?"

உமையாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மருதவாணர் முப்பது வருடமாக நெசவாளர் தெருவில் கதை சொல்கிறவர். சாயங்காலம் தறிகள் ஓய்ந்ததும் பெண்பிள்ளைகள் ஓடிவந்து அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் சொல்வதெல்லாம் இளவரசிக் கதைகள். எந்தக் கதையானாலும் கல்யாணத்தில் முடியும்.

உமையாள் அரைத்த பச்சிலையைச் சட்டியில் வழித்தாள்.

"இதைத் தூக்கிக்கொண்டு என்னோடு வாரும்."

அரண்மனையின் பின்பக்கச் சுவரில் ஒரு சிறு சாளரம் உண்டு. உள்ளே வேலை செய்யும் பெண்கள் வெளியே வரக்கூடாது. காயம் பட்டால் அந்தச் சாளரம் வழியாகக் கையை மட்டும் நீட்டுவார்கள். வாரம் ஒருநாள் உமையாள் போய் மருந்து போடுவாள்.

முதலில் ஒரு கை வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்த தழும்பு. அதன்மேல் புதிதாக இன்னொரு புண்.

மருதவாணருக்குப் பொறுக்கவில்லை. "இது எப்படி ஆயிற்று, அம்மா?"

கை அப்படியே நின்றது.

"இந்தக் குரல்... நெசவாளர் தெருக் கதைக்காரர்தானே?"

"ஆமாம். நீ யார்?"

"செண்பகம். பாவு போடுகிற காளியின் மகள். ராஜாவின் கல்யாணத்துக்கு உள்ளே வந்தேன். இருபது வருடம் ஆகிவிட்டது."

"தோழியாகத்தானே வந்தாய்?"

"முகூர்த்தத்தன்று ராணியம்மாவுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். மறுநாள் காலையில் விளக்குகளுக்கு எண்ணெய் காய்ச்சும் கொப்பரை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்."

"ராணியம்மாவிடம் சொல்லியிருக்கலாமே?"

"அவர்களும் அன்றைக்கு உள்ளே வந்தவர்கள்தான். வெளியே போனதே இல்லை. எங்களுக்காவது இந்தச் சாளரம் இருக்கிறது."

உமையாள் மருந்தைப் பூசினாள். உள்ளேயிருந்து குரல் மெதுவாக வந்தது.

"ஆயிரம் விளக்கு எரிகிற மண்டபத்தில் இளவரசி மாலை போட்டாள் என்று சொல்வீர்களே, ஐயா. அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சுவேன். இங்கே நிஜமாகவே ஆயிரம் விளக்கு இருக்கிறது. அதை யார் ஏற்றினார்கள் என்று மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை."

"எனக்குத் தெரியாதம்மா."

"யாரிடமாவது கேட்டிருக்கலாம்."

கை உள்ளே போனது. அடுத்த கை வந்தது.

திரும்பும் வழியில் மருதவாணர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாம் தெரிந்துதானே என்னை அங்கே கூட்டிப்போனீர்கள்? மூன்று வருடமாக உங்களிடம் வருகிறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மூன்று தடவை சொன்னேன். பெண்பிள்ளைகளுக்கு இளவரசிக் கதைதான் பிடிக்கிறது என்றீர்."

அவர் வீட்டுக்கு ஓடினார். பொற்கொடி அரண்மனையிலிருந்து வந்த பட்டுத்துணியைத் தோளில் போட்டு, குடத்துத் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"என்னை நிறுத்துவதற்குப் பொய் சொல்கிறீர்கள்" என்றாள்.

"பொய்யில்லையடி. என் கண்ணால் பார்த்தேன்."

"அப்படியானால் இத்தனை வருடம் சொன்னது?"

அவர் கையை ஓங்கினார். பொற்கொடி நகரவில்லை.

"அடியுங்கள். கதையிலும் இளவரசியை வீட்டில் அடிப்பார்கள். கடைசியில் அவளுக்குத்தான் கல்யாணம் நடக்கும்."

ஓங்கிய கை கீழே இறங்கியது.

மூன்றாம் நாள் காலை ஊர்வாசலில் மேளம் கொட்டியது. ஏழு பெண்களும் பட்டுடுத்தி வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே பூ வீசியது. மருதவாணர் மாடுகளுக்கு முன்னால் போய் நின்றார். கதை சொல்லத் தொடங்கினார். எண்ணெய்க் கொப்பரையைச் சொன்னார். சாளரத்தைச் சொன்னார். வெந்த கையைச் சொன்னார்.

காவலன் ஈட்டிக் கட்டையால் தோளில் அடித்தான். புழுதியில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே தொண்டை கிழியச் சொன்னார்.

பொற்கொடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் இறங்கினாள். மேலே போட்டிருந்த பட்டுத்துணியைக் கழற்றி வண்டிப் பலகையில் வைத்தாள். கூட்டம் கூச்சலிட்டது. யாரையும் பார்க்காமல் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டாள். ஆறு பெண்களோடு வண்டி ஊர்வாசலைத் தாண்டியது.

மத்தியானம் மருதவாணர் வீங்கிய தோளோடு குடிலுக்கு வந்தார். உமையாள் அவரை உட்காரவைத்து மருந்து போட்டாள்.

"போய்விட்டாள், தாயே. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

உமையாள் இன்னும் கொஞ்சம் மருந்தை எடுத்துத் தோளில் தடவினாள்.

"இனி நான் கதை சொல்லமாட்டேன். இந்த வாயைத் திறக்கவே மாட்டேன்."

"இன்றைக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் இளவரசருக்கும் பிள்ளை பிறக்கும். அதற்கும் ஒருநாள் கல்யாணம் நடக்கும். அன்றைக்கும் ஏழு பெண்களை எடுப்பார்கள். நீர் வாயை மூடிக்கொண்டு எங்கே உட்கார்ந்திருப்பீர்?"

"நான் என்னதான் செய்யட்டும்?"

"இன்று ஒருத்தி இறங்கினாளே. அவள் பெயர் என்ன?"

மருதவாணர் யோசித்தார்.

"தெரியவில்லை. தினமும் கதை கேட்க வருவாள். கடைசியில் உட்காருவாள். முகம் தெரியும்."

உமையாளின் கை நின்றது. மூன்று வருடத்தில் அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"உம்முடைய இளவரசிகள் அத்தனை பேரின் பெயரும் உமக்குத் தெரியும். அவர்கள் வளர்த்த கிளியின் பெயரும் ஏறிய குதிரையின் பெயரும் தெரியும். எழுந்திரும். போய் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாரும்."