கடைசி வரிக்கு ஒரு திரை

முன்னொரு காலத்தில் மழையைக் கண்டாலே முகம் சுளிக்கும் அரசர் ஒருவர் இருந்தார். காரணம், அரண்மனை முற்றத்தில் நின்ற ஒரு நெடுங்கல்.

நாட்டை நிறுவிய முன்னோர்கள் குடிகளின் உரிமைகளை அதில் வரிவரியாக வெட்டியிருந்தார்கள். 'விசாரிக்காமல் யாரையும் சிறையில் வைக்கலாகாது' என்பது மேல்வரி. 'ஆபத்துக் காலத்தில் அரசன் தன் கையால் ஒரு வரியைத் திரையிட்டு மூடலாம். மூடியிருக்கும்வரை அந்த வரி செல்லாது' என்பது கடைசி வரி. திரை சாதாரணக் கோடித்துணியாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். ஏன் தெரியுமா? கல் நின்றது வெட்டவெளியில். ஒவ்வொரு மழைக்காலத்திலும் துணி நைந்துபோகும். அரசர் மறுபடியும் ஊரார் பார்க்க ஏணியில் ஏறவேண்டும். அந்தக் கூச்சத்தைத்தான் முன்னோர்கள் காவலாக வைத்திருந்தார்கள்.

பகைவர் படையெடுத்த ஆண்டு மேல்வரி மூடப்பட்டது. பகைவர் போனார்கள், திரை போகவில்லை. அரசருக்குக் கூச்சமும் விட்டுப்போயிற்று. முழங்கால் வலி மட்டும் மிஞ்சியது.

அரசவை விகடகவி வெண்காடனின் தங்கை நாச்சி. அவள் கணவன் சேந்தன் ஏரி மடையைக் காத்தவன். முறை தவறி அமைச்சர் காளிங்கராயரின் தோப்புக்குத் தண்ணீர் திறக்க மறுத்ததற்காகச் சிறைக்குப் போனான். குற்றம் என்னவென்று கேட்க வழியில்லை. கேட்கச் சொல்லும் வரிதான் மூடிக்கிடந்ததே.

அந்த மழையிலும் திரை நூல்நூலாகத் தொங்கியது. அரசர் சலித்துக்கொள்ள, காளிங்கராயர் சமயம் பார்த்து மெல்லச் சொன்னார்.

"அரசே, மக்காத திரை ஒன்றை நம் வெண்காடர் செய்யட்டுமே. கெட்டிக்காரர். மறுத்தால் ராஜத்துரோகம் என்று அவருக்குத் தெரியாதா?"

செய்தால் மைத்துனனை ஆயுளுக்கும் பூட்டியது வெண்காடனின் கையாகவே இருக்கும். செய்யாவிட்டால் அவனும் உள்ளே.

அரசருக்கு யோசனை பிடித்துவிட்டது. "எனக்கு இந்த ஏறி இறங்கும் தொல்லையைக் கொடுக்கிற வரி எதுவோ, அதை மூடிவிடும் வெண்காடரே. பிறகு யாரும் அவிழ்க்கக் கூடாது."

"உத்தரவு, அரசே."

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கி, துணியைத் தோய்த்து உலர்த்தி, மறுபடி தோய்த்தான் வெண்காடன். தண்ணீர் ஊற்றினால் முத்தாக உருண்டு ஓடியது. குறித்த நாளில் ஊர் கூடியது. சேவகன் ஏறிப் பழைய திரையைக் கழற்றினான். வெண்காடனோ ஏணியைத் தள்ளிவைத்துவிட்டு, கல்லின் அடியில் உட்கார்ந்து கடைசி வரியை மூடினான்.

"முடிச்சு மட்டும் தங்கள் கையால், அரசே. குனிந்தால் போதும்."

ஏறவேண்டாம் என்ற மகிழ்ச்சியில் அரசர் முடிச்சுப் போட்டார். அப்போதுதான் கவனித்த காளிங்கராயர் பதறினார். மூடவேண்டியது மேல்வரி என்றார்.

"மேல்வரி அரசரை ஏறச் சொல்லவில்லையே, அமைச்சரே. ஏறச் சொன்னது இதுதான். இதை மூடியாயிற்று. இனி எதையும் மூட அதிகாரம் இல்லை. அவிழ்க்கவும் கூடாது, அது அரசர் கட்டளை."

அரசர் ஒருகணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஊரும் சிரித்தது. மேல்வரி வெயிலில் தெரிந்ததால் சிறையைத் திறக்கச் சொன்னார்.

ஒவ்வொருவராகக் கண் கூச வெளியே வந்தார்கள். நாச்சி வாசலில் நின்று முகம் முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் வந்தபின் காவலன் கதவைச் சாத்தினான். சேந்தன் முன்பே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். விசாரணை இல்லாததால் அவனைக் கொண்டுவந்து காட்டும் அவசியம் யாருக்கும் வரவில்லை. அவள் கொண்டுவந்த சோற்றை அன்று காலையிலும் காவலர் வாங்கியிருந்தார்கள்.

அரசரின் சிரிப்பு நின்றது. என்ன வேண்டுமானாலும் கேளும் என்று வெண்காடனிடம் சொன்னார். திரையை என்றாவது யாராவது அவிழ்ப்பார்கள், கடைசி வரியையே உளியால் செதுக்கி எடுத்துவிடுங்கள் என்றான் வெண்காடன். காளிங்கராயர் எதிர்த்தார், அது எதிர்பார்த்ததுதான். அவருடைய எதிரிகளும் எதிர்த்தார்கள். நாளை அந்தப் பதவி தங்களுக்கு வந்தால் வரி உதவுமே என்று ஆளுக்கு ஆள் நினைத்தார்கள். எல்லாரையும் பார்த்துவிட்டு அரசர் பாதிவழியில் நின்றார். வரி இருக்கட்டும், 'எந்த வரியை மூடினாலும், சிறையில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று உற்றார் கேட்டால் பதில் சொல்லவேண்டும்' என்று கீழே சேர்க்கச் சொன்னார். வெண்காடனுக்கு ஒரு கிராமத்தைப் பரிசாக எழுதிவைத்தார்.

கல்தச்சன் உளியைப் பிடித்தபோது நாச்சி அரசர் முன் வந்தாள்.

"மகாராசா, அவரு போன நாளு எதுன்னு மட்டும் சொல்லுங்க. தெவசம் குடுக்கணும்."

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் சிறைக்காவலனைப் பார்த்தார். காவலன் தரையைப் பார்த்தான். நாச்சி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.