ஓமினே ரயிலின் கதவு

“மூணு வருஷமாச்சு, குருவே. ஞானத்தோட கதவு எனக்கு இம்மிகூடத் திறக்கலை. நான் வேற மடம் பார்த்துக்கறேன்.”

சொன்ன மொரிவாகி ஐம்பது தாண்டியவர். குரு மியோஷுன் அவரைவிடப் பத்து வயது இளைய பெண் துறவி. கோபப்படவில்லை.

“சரி, வாங்க. ரயிலேத்தி விடறேன்.”

மலையடிவாரத்தில் ஓமினே நிலையம். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. ஆனாலும் என்ன ஒரு சுத்தம்! பெஞ்சில் யாரோ பின்னிப் போட்ட கம்பளி விரிப்பு. பிளாட்பாரத்துப் பனியை யாரோ வாரி ஒதுக்கியிருந்தார்கள். யாரென்று ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒற்றைப் பெட்டி ரயில் வந்து நின்றது. மொரிவாகி மூட்டையோடு கதவின் முன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். டோக்கியோக்காரர் அல்லவா, கதவு தானாகத் திறக்கும் என்ற நினைப்பு.

குரு விரலை நீட்டினார். கதவோரம் ஒரு பொத்தான்.

மொரிவாகி அமுக்கினார். திறந்தது.

“அடடா! மூணு வருஷத்துல நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒண்ணுதான்.”

குத்தலாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

திறந்த கதவு வழியே பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. எதிரே ஒரு பெண்ணின் மடியில் குழந்தை இருமியது. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், உள்பக்கப் பொத்தானை அமுக்கிக் கதவைச் சாத்தினாள். முகம் சுளிக்கவில்லை.

“உங்களுக்குக் குளிருமே. ஹீட்டர் இந்தப் பக்கம் இருக்கு, இங்க உட்காருங்க” என்று தன் இடத்தையே காட்டினாள்.

மொரிவாகிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நிலையத்திலும் ஊழியர் யாரும் இல்லை. இரண்டு கையிலும் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு கிழவர் ஏறினார். ஏறியதும் திரும்பி, முழங்கையால் பொத்தானை அமுக்கினார். கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம்தான் தோளில் இருந்த பனியை உதறினார். யாரும் சொல்லவில்லை, யாரும் கண்காணிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்!

அதற்கடுத்த நிலையத்தில் மொரிவாகி இறங்கி, எதிர்த்திசை ரயிலைப் பிடித்தார்.

சாயங்காலம் மடத்து முற்றத்தில் குரு பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

“என்ன, எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?”

“மறந்துதான் போயிட்டேன், குருவே. ஏறினவன் கதவைச் சாத்தலை.”